கடலுணவும் குழந்தைகளின் ஒவ்வாமையும்

யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் அமைந்த ஊர் குருநகர். கரையூர் எனப் பழம்பெயர் பூண்ட இவ்வூரில் மீனும் நண்டும் இறாலும் நாளாந்த உணவாகும். ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் இவையனைத்தும் ஒரே பானையிற் சேர்கின்றன. சுற்றியிருந்து பருகுவோருள் ஒரு பிள்ளைக்கு மட்டும் உதடு வீங்கி, மேனியெங்கும் தடிப்பு எழுமாயின், "கிரந்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்பர் முதியோர். பலருக்கு அமுதாகும் உணவு ஒருவருக்கு மட்டும் நஞ்சாவது எங்ஙனம்? இதற்குரிய விடை பெரும்பாலும் உணவிலன்று, உண்பவரின் உடலிலேயே உளது.

உடலினுட் புகும் நோய்க்கிருமிகளை இனங்கண்டு அழிக்கும் ஆற்றல் நிர்ப்பீடனம் எனப்படும். ஒருமுறை எதிர்த்த பகைவனை அது மறப்பதில்லை. சின்னமுத்து ஒருமுறை கண்ட பிள்ளைக்கு அந்நோய் பொதுவாக மீண்டும் வாராமைக்கு இந்நினைவே காரணம். ஆயின், காவலன் சிற்சில வேளைகளில் விருந்தினனையும் கள்வனென மயங்குவதுண்டு. தீங்கற்ற பொருளைப் பகையெனக் கொண்டு உடல் தொடுக்கும் போரே ஒவ்வாமை.

இவ்வுண்மைக்கு வழிகாட்டியதும் கடலே. 1901 ஆம் ஆண்டில் மொனாக்கோ இளவரசரின் கப்பலிற் சென்ற றிஷே, போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கடலுயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பின்னர் பாரிசில், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஊசிவழிச் செலுத்திச் சோதித்தனர். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களின் பின் மிகச் சிறு அளவு செலுத்தப்பட்டதும் நிமிடங்களில் மடிந்தது. காக்கவேண்டிய ஆற்றல் கொல்லவும் கூடும் என்பது 1902 இல் வெளிப்பட்டது. இதற்காக றிஷே 1913 இல் நோபெல் பரிசு பெற்றார். இடையில், 1906 இல், வியன்னாவிற் குழந்தை வைத்தியராக விளங்கிய பிர்க்கே என்பவர் 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார்.

1921 இல் நிகழ்ந்த சோதனையொன்று மீனோடு தொடர்புடையது. கூஸ்ட்னர் என்னும் ஜேர்மானிய வைத்தியருக்கு மீன் ஒவ்வாது. அவரது குருதியின் தெளிநீரை அவருடைய தோழர் பிறௌஸ்னிற்ஸ் தமது தோலிற் செலுத்தி, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றையும் செலுத்தினார். உடனே அங்குத் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையை விளைக்கும் பொருள் குருதியில் உண்டு என்பது இதனாற் புலனாயிற்று. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் இஷிசாகா தம்பதியரும், சுவீடன் நாட்டு அறிஞரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். ஐ.ஜி.ஈ. எனப்படும் பிறபொருளெதிரியே அது.

இப்பிறபொருளெதிரி தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள சிலவகைக் கலங்களிற் பற்றிக் காத்திருக்கும். அதற்குரிய புரதம் மீண்டும் வந்து பொருந்தியவுடன், அக்கலங்கள் இஸ்தமீன் முதலிய பொருள்களைச் சொரியும். தோல் தடிக்கும், வயிறு புரளும், மூச்சுக்குழாய் சுருங்கி முட்டு உண்டாகும், குருதியமுக்கமும் வீழலாம்.

இறாலில் இவ்வினையைப் புரியும் முதன்மையான புரதம் தசையிலுள்ள திறோபோமயோசின் என 1993 இல் வெள்ளிறாலைக்கொண்டு நிறுவப்பட்டது. கொதிக்கவைத்தாலும் அது தன் இயல்பை இழப்பதில்லை. ஆதலின், நன்கு காய்ச்சிய கூழும் தீங்கிழைக்கும். நண்டிலும் அதனை ஒத்த புரதம் உண்டு. எனவே, இறால் ஒவ்வாதார்க்கு நண்டும் ஒவ்வாதிருத்தல் பெரும்பான்மை. மீனின் ஒவ்வாமைக்குக் காரணமான புரதமோ வேறு. இறால் ஒவ்வாத பிள்ளைக்கு மீனையும் மறுப்பது, தக்க காரணமின்றி நல்லுணவைப் பறிப்பதாகும்.

ஒவ்வாமைபோலத் தோன்றும் பிறிதொன்றும் உண்டு. சூரை, கும்பளா முதலிய மீன்கள் ஐசில் இடப்படாது வெயிலிற் கிடப்பின், பற்றீரியாக்கள் அவற்றின் தசையில் இஸ்தமீனை உண்டாக்கும். சமைத்தாலும் அது நீங்காது. அம்மீனை உண்டோர் பலருக்கும் ஒருங்கே முகஞ்சிவந்து தலையிடி தோன்றுமாயின், குற்றம் பிள்ளையின் உடலிலன்று, மீனைப் பேணிய முறையிலேயே உளது. படகிலும் சந்தையிலும் போதிய ஐஸ் இடுதலே அதற்குரிய தடுப்பு.

பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தைகளுட் பலர் வளர வளர அதனினின்று விடுபடுகின்றனர். கடலுணவு ஒவ்வாமையோ பெரும்பாலும் நீடிக்கும். அச்சத்தால் எவ்வுணவையும் குழந்தைக்குக் காலந்தாழ்த்திக் கொடுப்பதே நன்றென்ற பழங்கொள்கையும் இன்று தளர்ந்துள்ளது. நிலக்கடலையை ஏற்ற பக்குவத்தில் இளமையிலேயே ஊட்டுவதால் அதற்குரிய ஒவ்வாமை பெரிதுங் குறைகிறதென 2015 இல் லண்டனில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. எவ்வுணவை விலக்குவது என்பதை ஊரார் பேச்சாலன்றி, வைத்தியரின் சோதனையாலேயே துணிதல் வேண்டும்.

வாயைச் சுற்றிய சிறு தடிப்போடு நிற்பது ஒருவகை. குரல் கம்முதல், மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் என்பன மற்றொரு வகை. இவை தோன்றின் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. சொறி தணிக்கும் மாத்திரை அவ்வேளை உயிர்காக்கப் போதாது. தொடைத்தசையிற் செலுத்தப்படும் அதிரீனலின் மருந்தே முதற் சிகிச்சை. பிள்ளையை நடக்கவிடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். எப்பிள்ளைக்கு எவ்வுணவு ஒவ்வாது என்பதைப் பெற்றோர் ஆசிரியருக்கு அறிவித்தலும், ஆசிரியர் அதனை நினைவிற் கொள்ளலும் கடமையாகும். உடலின் காவல் பிழைக்குமிடத்துப் பிள்ளையைக் காக்கவேண்டியது அறிந்தோரின் விழிப்பே.