குளிருக்கும் ஓர் அளவு உண்டு!

செஞ்சிக் கோட்டைச் சீமையில் மேல்சித்தாமூர் என்று ஓர் ஊர். தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. செடி கொடிகளை ஓரறிவு உயிர்கள் என்று சொல்வது அவர்களுடைய சமயம். சரி, மரத்திலிருந்து பறித்து வந்த பழத்துக்கு உயிர் உண்டா? விஞ்ஞானியைக் கேட்டால், "மூச்சு விடுகிறதே, அம்மா!" என்பார்.

வேடிக்கையல்ல. பறித்த பிறகும் பழம் பிராணவாயுவை இழுத்துக் கரியமிலவாயுவை வெளியிடுகிறது. தன்னிடமுள்ள சர்க்கரையையே சிறுகச் சிறுகச் செலவழித்து வாழ்கிறது. பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால், இந்த மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிவிடும். கையிருப்புக் கரைந்ததும் ருசியும் போச்சு, ஆயுளும் போச்சு! குளிர்பதனக் கிடங்கு செய்வதெல்லாம் இந்த மூச்சை நிதானப்படுத்துவதுதான். கெட்ட பழத்தை அது நல்ல பழமாக்காது.

"அப்படியானால் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாமே?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! ஆப்பிளும் திராட்சையும் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே சுகமாக இருக்கும். நம் வாழையோ வெயில் நாட்டுப் பிள்ளை. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். காயாக இருந்தால் சரியாகப் பழுக்கவும் பழுக்காது. மாங்காய்க்கும் ஏறக்குறைய இதே கதிதான். வீட்டுப் பெட்டிக்குள்ளோ 4, 5 டிகிரிதான் இருக்கும். ஆகவே மாங்காயை வெளியிலேயே பழுக்க விடுங்கள். பழுத்த பின் இரண்டொரு நாள் உள்ளே வைக்கலாம்.

இன்னொரு ரகசியம்: ஆப்பிள் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் என்பவர் இதை நிரூபித்தார். பக்கத்தில் கீரையும் வெள்ளரியும் இருந்தால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். அடிபட்ட பழம் இந்த வாயுவை இன்னும் அதிகமாக விடும். அதை முதலில் எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

கிடங்குக்குப் போகும் முன்பே பழத்தைப் பலப்படுத்த முடியுமா? கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார், கனடாவின் குவெல்ப் பல்கலைக் கழகத்தாரோடும் இலங்கை விஞ்ஞானிகளோடும் சேர்ந்து, 2012 முதல் சில ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். செடிகளில் இயற்கையாகவே உண்டாகும் ஹெக்ஸனால் என்ற பொருளை, அறுவடைக்கு முன் மாமரத்தில் தெளித்தார்கள். பழத்தின் அணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு சிதைவது அதனால் தாமதமாகிறது. பழமும் கூடுதல் நாள் கெடாமல் நிற்கிறது. விலை விழுந்த அன்றே விற்றாக வேண்டிய விவசாயிக்குச் சில நாள் அவகாசம் என்பது சாமானியமா?

நமக்கும் அப்படித்தான். கடைக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசு, அழுகிய பழத்தோடு குப்பைக்குப் போக வேண்டாமே!