வண்டி போயிற்று, வடு போகவில்லை

தவணை தவறிய வாகனங்களைக் கடன் கொடுத்தோர் கைப்பற்றிச் செல்வது நமது நாட்டில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. சரக்கு ஆட்டோவை நம்பி ஜீவனம் செய்பவன், நாலைந்து மாதம் தொழில் மந்தப்பட்டதும் வண்டியை இழந்து நிற்கிறான். "வண்டியே போய்விட்டது; இனிக் கடனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று மனத்தைத் தேற்றிக் கொள்கிறான். இது பெரும் பிழை என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கைப்பற்றிய வண்டி ஏலத்திற்குப் போகிறது. ஏலத் தொகை கடனில் கழிக்கப்படுகிறது. வட்டியும், வண்டியைப் பிடித்து நிறுத்திய செலவும் கடனாளியின் பேரில் ஏறுகின்றன. 4 லட்சம் பாக்கியுள்ள வண்டி இரண்டரை லட்சத்திற்கு விலைபோனால், எஞ்சிய ஒன்றரை லட்சத்திற்கும் அவனே பொறுப்பாளி. இவ்விவரங்கள் 2005ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் இயங்கும் சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் ஏடுகளில் பதிவாகின்றன. குறைந்தது 7 வருஷம் அவை அங்கே காக்கப்படும். 300 முதல் 900 வரை வகுத்த மதிப்பெண்ணில் அவன் பெயர் தாழ்ந்துவிடுகிறது. பின்னொரு நாள் மகனின் கல்லூரிப் படிப்பிற்காக வங்கிக்குச் சென்றால், பழைய வண்டிக் கதை அவனுக்கு முன்பே அங்கு போய் உட்கார்ந்திருக்கும். வங்கி கைவிட்டவனுக்குக் கந்துவட்டிக்காரன் வாசல்தானே கதி?

வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடன் கொடுத்தோருக்கும் கடமை உண்டு. அடியாட்களை ஏவி வண்டியைப் பிடுங்கலாகாது. சட்ட வழியிலேயே வசூலிக்க வேண்டும் என்று 2007இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துக் கூறியது. வண்டியை எடுக்குமுன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் காலம், விற்குமுன் தர வேண்டிய கடைசித் தவணைவாய்ப்பு ஆகியவற்றைப் பைனான்ஸ் கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனாளிக்கு அனுப்பும் கடிதங்கள் அவனுக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டுமென்பதும் அவ்விதியே. தமிழனுக்குத் தமிழில் கணக்குக் கேட்க உரிமையுண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆகையால் வண்டியை இழந்தவன் ஒளிந்து திரியலாகாது. ஏல விலை, செலவு, பாக்கி மூன்றையும் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். குறைந்த தொகைக்கு ராஜி பேசித் தீர்த்தால், ஏட்டில் 'செட்டில்டு' என்றே பதிவாகும். அது முழுதும் கட்டி முடித்த 'குளோஸ்டு' என்பதற்கு ஈடாகாது. இயன்றவரை முழுப் பாக்கியையும் கட்டி, நிலுவையில்லை என்ற அத்தாட்சியைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் நலம். 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்திற்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டுள்ளது. அதில் தவறு கண்டால் உடனே புகார் எழுத வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிடில், அதன்பின் நாளொன்றுக்கு ரூ. 100 நஷ்டஈடு தர வேண்டுமென்ற விதி 2024 ஏப்ரல் முதல் அமுலில் உள்ளது. அதற்கும் செவிசாயாவிடில் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. உண்மையான பதிவு புகாரினால் அழியாது. அதன்பின் வாங்கும் சிறு கடன்களைத் தவணை தவறாது செலுத்தி வருவதே அந்த வடு மங்குவதற்கு வழி.

இவ்விதிகள் காகிதத்தில் உறங்குவதால் ஏழைக்குப் பயனில்லை. பொதுநல ஊழியர்களே! ஆட்டோ நிலையத்திலும் லாரிப் பேட்டையிலும் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவனுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். அதுவும் தேச சேவையே. தன் பெயரில் பிறர் எழுதி வைத்திருப்பதைப் படித்தறியாத பிரஜை, சுதந்திர நாட்டிலும் பாதி அடிமையே என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.