கழுத்தெலும்பின் வளைவும் தட்டுத் தேய்வும்

ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரம், 1960-களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கு அமைந்தபின் தொழில் நகராக வளர்ச்சியுற்றது. இத்தகைய நகரங்களில் இருவகை உழைப்பு அருகருகே காணப்படும். கட்டட வேலையில் பெண்கள் சும்மாட்டின்மீது செங்கல் சுமப்பர். வேலைமேசையிலும் கணிப்பொறி முன்னும் வேறு பலர் மணிக்கணக்கில் தலை குனிந்திருப்பர். கழுத்துவலி இருசாராருக்கும் நேரக்கூடியது. எக்ஸ்-ரே படத்தில் ‘தேய்வு’ என்று கண்டதும், தொழிலையே விட்டுவிட வேண்டுமோ என அஞ்சுவோர் உண்டு. இவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. முதலிரண்டிற்கும் இடையே தட்டு இல்லை. அவற்றிற்குக் கீழே ஒவ்வோர் எலும்பிற்கும் இடையே ஒரு தட்டு அமைந்துள்ளது. தட்டின் புறத்தே உறுதியான நார்வளையமும், அகத்தே கூழ் போன்ற மையமும் இருக்கின்றன. இளமையில் அம்மையத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரே. வளர்ந்தவரின் தட்டினுள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை; அண்டை எலும்பிலிருந்து ஊறிவரும் சத்தே அதற்கு உணவு. ஆகவே நலிந்த தட்டு எளிதில் பழைய நிலையை எய்துவதில்லை.

பக்கவாட்டில் நோக்கினால் கழுத்தெலும்பு முன்புறமாகச் சிறிது வளைந்திருக்கும். தலையின் எடை சுமார் 5 கிலோகிராம். தலை நிமிர்ந்திருக்கையில் இவ்வெடை எலும்புத் தூணின்மீது நேராக இறங்குகிறது. குனியும்போதோ, துலாக்கோலின் நீண்ட கைபோலத் தலை முன்னே தள்ளி நிற்பதால், பிடரித் தசைகள் மிகுந்த விசையுடன் இழுக்க நேரிடுகிறது. 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது சுமார் 27 கிலோகிராம் பளு விழும் என 2014-இல் ஒரு கணக்கீடு வெளியாயிற்று. இது உடலில் நேரே அளந்தறிந்தது அன்று.

தலைச்சுமை தூணுக்கு நேர்மேலே அமைவதால் நடை நிதானமாக இருக்கும். எனினும் தட்டுக்களின் மீதுள்ள அழுத்தம் குறைவதில்லை. சுமையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கழுத்து திடீரெனத் திரும்பினால் தீங்கு மிகும். பிறர் உதவியின்றியும் குனியாமலும் சுமையை இறக்கி வைக்க நம் முன்னோர் வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டியது கருதத்தக்கது. வளர்ந்த ஆடவர் ஒருவர் கையாளும் சுமை 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 1967-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் செய்த பரிந்துரை.

இனி, வளைவு குன்றுவதே தேய்விற்குக் காரணமா? ஜப்பானில் நோய்க்குறி ஏதுமில்லாத 497 பேரைக் காந்த அதிர்வுப் படமெடுத்து ஆராய்ந்த முடிவு 1998-இல் வெளிவந்தது. இருபது வயதினருள் ஆடவரில் 17 சதவீதத்தினருக்கும் பெண்டிரில் 12 சதவீதத்தினருக்கும் தட்டு நலிவு காணப்பட்டது. அறுபதைக் கடந்தோரில் இவை முறையே 86, 89 சதவீதம். நரை போன்றே தேய்வும் வயதுடன் வருவது என்பது இதனால் விளங்கும். நலமுடையோரைப் பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்து 2009-இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, வளைவின் அமைப்பு தேய்வின் போக்கைப் பாதிக்கிறது என்றும், பின்னர் வலி முதலியன தோன்றுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் கண்டது. தவிரவும், தசை இறுக்கத்தாலும் தட்டு சுருங்குவதாலும் வளைவு நிமிர்ந்துவிடுவதுண்டு. எனவே காரணமும் காரியமும் இங்கு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு.

ஆதலின் படத்தில் கண்ட தேய்வு ஒன்றையே கொண்டு எவரும் வேலையைக் கைவிட வேண்டியதில்லை. நிலையை அடிக்கடி மாற்றுதல், வேலைப்பொருளைக் கண்மட்டத்திற்கு உயர்த்துதல், சுமையைப் பகுத்து எடுத்தல், கழுத்துத் தசைகளுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியன நன்மை தரும். பள்ளியில் சாய்வுமேசை உதவும். புத்தகப்பை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது 2020-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கை. முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்கும் வழக்கம் இரத்தக் குழாய்க்கும் நரம்பிற்கும் ஊறு விளைவிக்கக்கூடும். அதனைத் தவிர்த்தல் நலம்.

கை மரத்துப்போதல், பொத்தான் போட இயலாமை, நடை தள்ளாடுதல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியன தண்டுவடம் நெருக்குண்டதற்கு அறிகுறிகளாகலாம். இவற்றைக் காண்போர் தைலம் தேய்த்துக் காலங்கடத்தாது, நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.