மூன்று நிமிடத்தில் 45 முகங்கள்

விருது விழாவில் அந்த ஆண்டு மறைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் பகுதியை மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முகத்துக்கு 4 விநாடி. 180 விநாடிக்கு 45 பேர். ஆண்டு முழுக்கச் சினிமாவில் இறந்தவர்கள் 45 பேரைவிட அதிகமாகத்தான் இருப்பார்கள். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் மட்டும் உறுப்பினர்கள் ஏறத்தாழ 25,000 பேர். ஆகவே யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். விடக் கூடாதவர்கள் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் மிச்சக் கணக்கு எளிது.

என் கணக்கு பூந்தமல்லியிலிருந்து தொடங்குகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் செம்பரம்பாக்கம். அங்கே ஒருகாலத்தில் பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த ஈ.வி.பி. வளாகம்தான் பிறகு ஃபிலிம் சிட்டி ஆனது. 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்புக்காகப் பெரிய விளக்குகளைத் தூக்கி நிறுத்தியிருந்த கிரேன் அங்கே சாய்ந்து கூடாரத்தின் மேல் விழுந்தது. 3 பேர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குநர், ஒருவர் கலைத் துறை உதவியாளர், ஒருவர் தயாரிப்புப் பிரிவு உதவியாளர். மேலும் பலருக்குக் காயம். நசரத்பேட்டை காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது.

அதே வளாகத்தில் அதற்கு முன்பும் இறப்புகள் உண்டு. 2017இல் 'காலா' அரங்கில் மின்சாரம் தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 2019இல் 'பிகில்' படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விளக்கு விழுந்து அடிபட்ட ஒரு எலக்ட்ரீசியன், மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்து இறந்தார். பிற இடங்களையும் சேர்ப்போம். 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே 'விடுதலை' படப்பிடிப்பில் ரோப் அறுந்து ஒரு சண்டைக் கலைஞர். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்த ஒரு சண்டைக் கலைஞர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காகக் காரைப் பறக்கவிட்ட சண்டைக் கலைஞர். 1 + 1 + 3 + 1 + 1 + 1 = 8. இந்த ஆறு படங்கள் மட்டும், ஒன்பது ஆண்டுகளில். சின்னப் படங்களில் நடந்து செய்தியாகாமல் போனவை இதில் இல்லை.

8 பேருக்கு நான்கு நான்கு விநாடியாக 32 விநாடி. நாலு மணி நேர விழா என்றால் 14,400 விநாடி. எட்டுப் பேரையும் ஒரே மேடையில் காட்டினாலும் அதில் 0.22 சதவீதம்தான் செலவாகும். ஒன்பது ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஒரு முகம்கூட முழுதாக வராது. நேரம் போதவில்லை என்று சொல்ல இங்கே வழியே இல்லை.

இவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் கொடுக்கும் படத்தோடு, அவர்கள் விரும்பும் விதத்தில் மேடையில் வர வேண்டிய பெயர்கள் அவை.

பணக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் "இழப்பீடு கொடுத்தாயிற்றே" என்ற பதில் சீக்கிரம் வரும். 'இந்தியன் 2' விபத்துக்கு நடிகர் கமல்ஹாசன் 1 கோடி, இயக்குநர் ஷங்கர் 1 கோடி, தயாரிப்பு நிறுவனமான லைகா 2 கோடி என மொத்தம் 4 கோடி ரூபாய் 2020 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டது. இறந்த மூவரின் குடும்பத்துக்கும் தலா 1 கோடி. நல்ல காரியம். ஆனால் அது பெரிய படம், பெரிய பெயர்கள். சட்டம் என்ன சொன்னது? 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்கில் எடுத்த சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாயாக இருந்தது. அதுவும் விபத்துக்கு ஏழு வாரம் முன்பு, 2020 ஜனவரி 3 அன்றுதான் 8,000இலிருந்து உயர்ந்தது. 30 வயதுக்குக் காரணி 207.98. அப்படியானால் 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். பழைய வரம்பில் இருந்திருந்தால் 8,31,920. சின்னப் படத்தில் இறக்கும் லைட்மேனின் குடும்பம் நம்பி உட்காரக்கூடிய தொகை அப்போது இந்த அளவுதான். அதையும் வேலை கொடுத்தவர் இன்னார் என்று நிரூபித்து வாங்க வேண்டியிருந்தது. 4 கோடி கிடைத்ததற்குக் காரணம் ஊர் முழுக்கப் பார்த்ததுதான். பார்க்கப்படுவதற்குப் பண மதிப்பு உண்டு. அஞ்சலியை நான் வெறும் மரியாதையாக மட்டும் நினைக்காததற்கு இதுவே காரணம்.

படப்பிடிப்பில் இறந்தவரை விருது மேடையில் காட்டுவது அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், 'மிட்நைட் ரைடர்' படப்பிடிப்பின்போது ரயில் பாலத்தில் ரயில் மோதி சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது கேமரா உதவியாளர் இறந்தார். ஆஸ்கர் விழாவுக்குப் பத்தே நாள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். மார்ச் 2 அன்று, அஞ்சலிப் பகுதி முடிந்தபின் திரையின் கீழ்ப்பகுதியில் அவர் படம் சில விநாடி வந்தது. மறு ஆண்டு அந்தப் படத்தின் இயக்குநர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்த ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் அடுத்த விழாவின் அஞ்சலிக்குள்ளேயே இடம்பெற்றார்.

அதே 2022 விழாவில் லதா மங்கேஷ்கரும் திலீப் குமாரும் இல்லை என்று நம்மவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனாலும் லதாவின் குரல் கேட்காத தெரு இந்தியாவில் உண்டா? அவரை நினைவில் வைக்க ஆஸ்கர் தேவையில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் ஆவடிக்கு வடக்கே தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். கொரோனாக் காலத்திலும் ஊர் திரண்டது, இன்றும் திரள்கிறது. ஆவடிக்குத் தெற்கே, அதே ஆண்டில், செம்பரம்பாக்கத்தில் இறந்த மூவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்களுக்கு அந்த 4 விநாடியைத் தவிர வேறு மேடை கிடையாது.

ஆகவே 180 விநாடியை நான் இப்படிப் பிரிப்பேன். வேலையில் இறந்தவர்கள் முதலில், எந்தக் குழுவும் தேர்வு செய்யாமல், தானாகவே. மோசமான ஆண்டில் மூன்று பேர் என்றால் 12 விநாடி. அடுத்து ஃபெப்சியின் 24 சங்கங்களும் ஆளுக்கு ஒரு பெயர் தரட்டும், 96 விநாடி. ஒப்பனை, உடை, டப்பிங், டிரைவர், சமையல் எல்லாம் அதில் வந்துவிடும். மீதி 72 விநாடியில் 18 முகங்கள், புகழ்பெற்றவர்களுக்கு.

18 போதுமா? 2023ஐ எடுத்துப் பார்த்தேன். தமிழ் சினிமாவுக்குக் கொடுமையான ஆண்டு அது. வாணி ஜெயராம், டி.பி.கஜேந்திரன், மயில்சாமி, மனோபாலா, ஆர்.எஸ்.சிவாஜி, மாரிமுத்து, ஜூனியர் பாலையா, விஜயகாந்த். சட்டென்று நினைவுக்கு வரும் எட்டுப் பேரையும் வைத்தபிறகும் பத்து இடம் மிச்சம். லைட்மேனைச் சேர்ப்பதால் எந்த நட்சத்திரமும் வெளியே போக வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் தயங்குவது, பார்ப்பவருக்குத் தெரியாத முகம் வந்தால் கைதட்டல் நின்றுவிடுமே என்றுதான். நிற்கட்டும். படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால் தெரிந்துகொள்வார்கள்: எந்தப் படம், என்ன வேலை, எந்தத் தேதி.

2024 ஜனவரியில் 'கலைஞர் 100' விழாவில் முதல்வர் மு.க.ஸ்டாலின், பூந்தமல்லி அருகே 140 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் வரும் என்று அறிவித்தார். தேர்வான இடம் குத்தம்பாக்கம், கிரேன் விழுந்த இடத்துக்குப் பக்கத்து ஊர்தான். 500 கோடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு 5 லட்சம். படப்பிடிப்பில் உயிர்விட்டவர்களுக்கு அதன் வாசலில் ஒரு கல்வெட்டு வைக்க அந்த 5 லட்சத்தைத் திட்டச் செலவில் இப்போதே எழுதிவைக்கலாம். ஆண்டுதோறும் அதில் சேரும் பட்டியலை ஃபெப்சி விருது விழாக்காரர்களுக்கு அனுப்பட்டும்.