டபல் கெப்பை உயர்த்துமுன்…

கிழமை நாட்களில் கடைச் சாமான், விடுமுறையில் மீமுரே என்று ஒரே டபல் கெப்பை ஓட்டும் வியாபாரிகள் நம்மில் பலர். வாகனத்தை உயர்த்தும் ஆசை வந்ததும் நேரே கராஜுக்குப் போகிறார்கள். முதலில் போகவேண்டியது டயர் கடைக்கு.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் பொடிதான் மேலே போகும். பின் அச்சிலுள்ள டிபரன்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும்; கல்லில் முட்டுவதும் அதுதான். அதை உயர்த்துவது டயர். 235/75ஆர்15 டயரைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால் அச்சு ஏறக்குறைய 27 மி.மீ. உயரும். ஆனால் மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 64 ஆகிவிடும்; டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சேற்று டயர் வேண்டாம். கண்டி வீதியில் இரைச்சலும் தேய்மானமும்தான் மிஞ்சும். ஓல் டெரைன் போதும். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்து வாங்குங்கள்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மலிவு என்று பழைய சரக்கைத் தலையில் கட்டுவோர் உண்டு.

டயர் உரசினால் மட்டும் உயர்த்துங்கள்; இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முன்பக்கம் டோர்ஷன் பார் உள்ள பழைய ஹைலக்ஸில் அதன் போல்ட்டை முறுக்குவது செலவில்லாத வழி. அளவு மீறினால் சீவி ஜொயின்ட் ரப்பர் கிழியும். நானும் அப்படி முறுக்கியவன்தான். மிச்சம் பிடித்த காசு ஜொயின்டுக்கே போயிற்று. பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்று சேர்த்தால் பாரம் ஏற்றவும் உதவும், வெறுமையாக ஓடும்போது சற்றுக் குலுக்கும். பிறகு வீல் எலைன்மன்ட் பார்க்கவேண்டும், முகவிளக்கையும் தாழ்த்தவேண்டும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு வேலை தொடங்குமுன்னே எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் நட்டஈடு இழுபறியாகும்.