கையும் காசும் – 7: ஏசி மெக்கானிக் படிப்பு எவ்வளவு கடன் தாங்கும்?

அமெரிக்காவில் ஏசி, ஹீட்டர் வேலை கற்றுத்தரும் பள்ளிகள் பிள்ளைகளை இழுப்பது சம்பளத்தைக் காட்டித்தான். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 60,000 டாலர் என்பார்கள். அது பொய்யும் இல்லை. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்கில் இந்தத் தொழிலின் இடைநிலைச் சம்பளம் 59,810 டாலர். ஆனால், இருபது வருடம் கூரை ஏறி இறங்கியவரையும் நேற்றுச் சேர்ந்த பையனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதைச் சொல்லும் தொகை அது. அதே கணக்கில் அடிமட்டப் பத்து சதவீதத்தினர் வாங்குவது 39,130 டாலருக்கும் கீழே. படித்து முடித்தவன் முதல் வருடம் நிற்கப்போவது அந்தப் பக்கத்தில்தான். கல்விக்கடனின் முதல் தவணையும் படிப்பு முடிந்த ஆறாவது மாதமே வந்து நிற்கும். ஆகவே, கணக்குப் போட எடுத்துக்கொள்ள வேண்டிய தொகை 39,000, 60,000 அல்ல.

இனி கடன் பக்கம். ஊர்க் கல்லூரி என்று சொல்லத்தக்க கம்யூனிட்டி காலேஜில் 2024–25இல் உள்ளூர் மாணவருக்கு ஓராண்டுக் கட்டணம் சராசரியாக 4,050 டாலர். வசதி குறைந்த குடும்பமென்றால், திருப்பித் தரவேண்டாத பெல் உதவித்தொகை 7,395 டாலர் வரை கிடைக்கும். கட்டணம் அதிலேயே அடைந்துவிடும். தனியார் பள்ளியில் ஏறக்குறைய அதே பாடத்துக்கு 20,000 டாலர் கேட்பதும் உண்டு.

இரண்டையும் ஒப்பிட அரசே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. கல்வித்துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டால், 2019இலிருந்து ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, முடித்தவர்களின் வருமானமும் கடனும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் தெரியும் கடன், மாணவர் தன் பெயரில் அரசிடம் வாங்கியது மட்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு முதல் வருடம் அரசு 5,500 டாலருக்கு மேல் கடன் தராது. கட்டணம் 20,000 ஆனாலும் சரி, 30,000 ஆனாலும் சரி, மாணவர் பெயரில் அந்த வருடம் ஏறக்கூடிய அரசுக் கடன் அவ்வளவுதான். மீதி எங்கே போகும்? அப்பா அம்மா பெயரில் ‘பேரன்ட் பிளஸ்’ கடனாகவோ, தனியார் வங்கிக் கடனாகவோ போகும். தனியார் கடன் அந்தப் பக்கத்தில் வராது. பெற்றோர் கடனைத் தனியாகத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளியும் கடன் குறைந்த பள்ளியாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

2024–25 வட்டியில் பத்து வருடத் தவணை போட்டுப் பார்ப்போம். 6.53 சதவீத வட்டியில் 5,500 டாலருக்கு மாதம் சுமார் 63 டாலர். மீதி 14,500 டாலரைப் பெற்றோர் 9.08 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 184. குடும்பம் கட்டப்போவது மொத்தம் 247 டாலர். பத்து வருடத்தில் 20,000 டாலர் படிப்பு 29,600 டாலரைத் தின்றிருக்கும். ஊர்க் கல்லூரியின் 4,050 முழுவதையும் கடனாகவே வாங்கினாலும் மாதம் 46 டாலர்தான்.

ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2023இல் கல்வித்துறை ஓர் அளவுகோல் வைத்தது. 39,130இல் 8 சதவீதம் 3,130. நம் 20,000 டாலர் கடனுக்கு வருடத் தவணை 2,960 சொச்சம். தேறிவிடுகிறது! ஆனால் மோசமான பள்ளிக்கு அரசுப் பணம் போவதை நிறுத்த வைத்த கோடு அது. நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுக்க அதை நம்பக்கூடாது.

கூடுதல் கட்டணத்துக்குக் கூடுதல் சம்பளம் வருமா? இந்தத் தொழிலில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. குளிர்வாயுவைக் கையாள, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 608ஆம் பிரிவுச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் பள்ளியில் படித்தாலும் அதே தேர்வுதான். பள்ளிக்கே போகாதவரும் எழுதலாம். முதலாளி பார்ப்பது அந்தச் சான்றிதழையும், ஓட்டுநர் உரிமத்தையும், கை வேலையையும். கடன் ஏறுவது பள்ளியால். சம்பளம் ஏறுவது ஊராலும் அனுபவத்தாலும்.

டெக்சாஸ் மாநிலத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2013 முதல் அரசு நிதி, படித்து வெளியேறியவர்கள் சம்பாதிப்பதை வைத்தே கணக்கிடப்படுகிறது. பிள்ளைக்கு வேலை கிடைத்தால்தான் கல்லூரிக்குக் காசு. இதற்கு நேர் எதிர்முனையில் நின்றது கொரிந்தியன் காலேஜஸ் என்ற தனியார் குழுமம். அது 2015இல் மூடப்பட்டது. ஏறக்குறைய 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்ய 2022 ஆகிவிட்டது.

பள்ளியே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு: பதிவு பெற்ற அப்ரன்டிஸ் பயிற்சி. பிளம்பர், பைப் ஃபிட்டர்களின் தொழிற்சங்கமான யு.ஏ. நடத்தும் பயிற்சி ஐந்து வருடம். பகலில் சம்பளத்தோடு வேலை, வருடத்துக்குக் குறைந்தது 216 மணி நேரம் வகுப்பு. கடன் ஏறாது, சம்பளம் வருடா வருடம் ஏறும். ஆனால் இடம் குறைவு, காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத அந்தப் பொறுமையின்மையைத்தான் தனியார் பள்ளி காசாக்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்து போய்ப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க அரசின் கல்விக்கடன் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். தொழிற்பள்ளிக்குத் தரும் எம்-1 விசாவில் படிக்கும்போது வேலை செய்ய முடியாது. முடித்தபின் பயிற்சி வேலைக்கு அதிகபட்சம் ஆறு மாதம். கடன் வாங்கிப் போனால் அடைக்க வழியில்லை.

அமெரிக்காவில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் அப்ரன்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்கும்வரை ஊர்க் கல்லூரியில் சேருங்கள். தனியார் பள்ளிதான் என்று முடிவானால், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இதே தொழிலில் வேலைக்குப் போனார்கள், மணிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். புதிய ஏசிகளில் ஆர்-410ஏ வாயுவின் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்திருக்கும், லேசாகத் தீப்பற்றக்கூடிய ஆர்-32, ஆர்-454பி வாயுக்களில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். எழுத்தில் பதில் தராத பள்ளியில் அப்பாவின் கையெழுத்து விழக்கூடாது.

(தொடரும்)