‘டேட்டாபேஸ் ஃப்ரீ சார்!’ - கடைக்கு சாஃப்ட்வேர் விற்கும்போது கண்ணில் படாத லைசென்ஸ் எல்லைகள்

ஒரு ஹார்டுவேர் கடைக்கோ மருந்து மொத்த வியாபாரிக்கோ பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன டெவலப்பர்களின் கொட்டேஷனைப் பார்த்திருக்கிறீர்களா? சாஃப்ட்வேருக்கு ஒரு தொகை, இன்ஸ்டாலேஷனுக்கு ஒரு தொகை, வருடாந்திர சர்வீஸுக்கு ஒரு தொகை இருக்கும். டேட்டாபேஸ் என்று ஒரு வரியே இருக்காது. கேட்டால், “அது ஃப்ரீ சார்” என்று பதில் வரும்.

அது பொய் இல்லை. ஆனால் அந்த ஃப்ரீக்கு எல்லைகள் உண்டு. கடையில் ஒரே கம்ப்யூட்டர் இருக்கும் வரை அவை கண்ணில் படாது. மூன்று பில்லிங் கவுன்ட்டர், பின்னால் ஒரு குடோன், மாடியில் அக்கவுன்டன்ட் என எல்லோரும் நெட்வொர்க்கில் ஒரே டேட்டாபேஸைத் தொட ஆரம்பிக்கும்போதுதான் அவை வேலையைக் காட்டும். அப்போது மாட்டுவது கடைக்காரர். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது டெவலப்பர். நீங்கள் ஃப்ரீலான்ஸாக இப்படி சாஃப்ட்வேர் செய்பவராக இருந்தாலும் சரி, அப்பாவின் கடைக்கு வாங்கிப் போடுபவராக இருந்தாலும் சரி, இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கியது பிரதி, உரிமை அல்ல

“காசு கொடுத்து வாங்கிட்டேன், இனி ஆறு சிஸ்டத்துல போட்டுக்குவேன்” என்பது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்புதான். 2021 மார்ச்சில் ‘இன்ஜினியரிங் அனாலிசிஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னது. அது வரி சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனாலும் லைசென்ஸோடு ஒரு சாஃப்ட்வேர் பிரதியை வாங்குபவருக்கு அதன் காப்புரிமை கைமாறுவதில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தலாம், பாதுகாப்புக்கு ஒரு பேக்கப் பிரதி எடுத்து வைக்கலாம். இதற்குச் சட்டமே இடம் தருகிறது.

நீங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் விற்கும்போது கடைக்குள் போவது இரண்டு பேருடைய படைப்பு. ஒன்று உங்களுடையது, அதற்கு நீங்கள் நிபந்தனை போடலாம். இன்னொன்று டேட்டாபேஸ். அதற்கு நிபந்தனை போட்டவர் மைக்ரோசாஃப்டோ ஆரக்கிளோ. அந்த நிபந்தனையை நீங்கள் படிக்காமல் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ அழுத்தியிருந்தாலும் அது செல்லும்.

10 ஜிபி நிரம்பும் நாள்

விண்டோஸில் இயங்கும் கடை சாஃப்ட்வேர் பலவற்றின் அடியில் இருப்பது மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். இது இலவசம். உங்கள் சாஃப்ட்வேரோடு சேர்த்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு. ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. 2025 பதிப்பில்தான் அது 50 ஜிபி ஆனது. கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பழைய பதிப்பு என்பதால் 10 ஜிபி என்றே கணக்குப் போடுவோம்.

பில் மட்டும் போட்டால் இந்த 10 ஜிபி சாமானியமாக நிரம்பாது. தினமும் 300 பில், ஒவ்வொன்றிலும் 5 ஐட்டம், ஒரு ஐட்டத்துக்குத் தாராளமாக 1 கேபி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை எம்பிதான். பதினெட்டு வருஷம் தாங்கும். பிரச்னை எங்கே வருகிறது தெரியுமா? “டெலிவரி சலானை போட்டோ எடுத்து அதுலயே சேவ் பண்ற மாதிரி வச்சுக் கொடுங்க தம்பி” என்று கடைக்காரர் கேட்பார். டெவலப்பரும் படத்தை நேராக டேட்டாபேஸுக்குள் தள்ளிவிடுவார். ஒரு எம்பி அளவில் தினமும் 100 போட்டோ என்றால் மூன்றரை மாதத்தில் கதை முடிந்தது. பழைய பில்லை எடுத்துப் பார்க்கலாம், புது பில் போட முடியாது. அது தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மாலையாக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழி எளிது. படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, டேட்டாபேஸில் பாதையை மட்டும் எழுத வேண்டும். இந்த எல்லை ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி என்பதால், நிதியாண்டுக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரிப்பதும் விதிமீறல் அல்ல. நம்ம ஊர் கணக்குப் பழக்கத்துக்கும் அது ஒத்துப்போகும்.

எக்ஸ்பிரஸ் டேட்டாவைத் தேக்கி வைக்கப் பயன்படுத்தும் மெமரி சுமார் 1.4 ஜிபிதான், பிராசஸரில் அதிகபட்சம் 4 கோர்தான். கடைக்காரர் 32 ஜிபி ரேம் போட்டுப் புது சர்வர் வாங்கிவிட்டு “ஏன் வேகமே கூடல?” என்று கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். தானாக பேக்கப் எடுக்கும் ‘ஏஜென்ட்’ வசதியும் இதில் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்களே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

எத்தனை பேர் தொடுகிறார்கள்?

டேலி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கம்ப்யூட்டருக்கு சில்வர், ஒரே அலுவலக நெட்வொர்க்கில் பலர் பயன்படுத்த கோல்டு. எக்ஸ்பிரஸிலும் இப்படி ஆள் கணக்கு உண்டு என்று பல டெவலப்பர்கள் நம்புகிறார்கள். கிடையாது. அதற்கு முன்னால் இருந்த எம்எஸ்டிஇ என்ற இலவசப் பதிப்பில், ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ஒரு அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தப் பழைய பயம்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆள் கணக்கு ஆரம்பிப்பது கட்டணப் பதிப்பில். ஸ்டாண்டர்டு எடிஷனை இரண்டு விதமாக வாங்கலாம். சர்வருக்கு ஒரு லைசென்ஸ், தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ ‘கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ்’ என்பது ஒரு வழி. 2022 பதிப்பின் அமெரிக்கப் பட்டியல் விலைப்படி சர்வருக்கு 989 டாலர், ஆளுக்கு 230 டாலர். 12 பேர் என்றால் 3,749 டாலர். நம்ம காசில் மூன்று லட்சத்தைத் தாண்டும்! கோர் கணக்கில் வாங்குவது இன்னொரு வழி. குறைந்தது 4 கோர், 7,890 டாலர், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கூட்டிக் கழித்தால் 30 பேர் வரை ஆள் கணக்கு, அதற்கு மேல் கோர் கணக்கு என்று வரும். ஒரு லட்ச ரூபாய் சாஃப்ட்வேருக்கு அடியில் மூன்று லட்ச ரூபாய் டேட்டாபேஸா என்று கடைக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

அங்கேதான் குறுக்கு வழிகள் வருகின்றன. நடுவில் ஒரு வெப் அப்ளிகேஷனை வைத்து, எல்லோரும் ஒரே லாகின் வழியாக டேட்டாபேஸைத் தொட்டால் ஒரு லைசென்ஸ் போதும் என்பார்கள். இதை மைக்ரோசாஃப்ட் ‘மல்டிபிளெக்ஸிங்’ என்கிறது, ஏற்பதில்லை. கடைசியில் விரல் வைப்பவர் எத்தனை பேரோ அத்தனை லைசென்ஸ். மொபைல் ஆப்பில் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேன்களும் அதில் அடக்கம்.

இதைவிட மோசமானது, டெவலப்பர் எடிஷனைக் கடையில் போட்டுவிட்டு வருவது. அதில் எல்லா வசதியும் உண்டு, அளவு வரம்பு இல்லை, காசும் இல்லை. ஆனால் அது உருவாக்கவும் சோதிக்கவும் மட்டும்தான். நிஜ பில் ஓடும் இடத்தில் போட்டால் விதிமீறல். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை என்பதே வியாபாரம், அந்தச் சலுகையை எப்படிக் கேட்பது?

மைஎஸ்கியூஎல் போட்டால் தப்பிக்கலாமா?

பாதி தப்பிக்கலாம். மைஎஸ்கியூஎல் கம்யூனிட்டி எடிஷனில் அளவு வரம்போ ஆள் கணக்கோ கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். அது ஜிபிஎல் லைசென்ஸில் வருகிறது. கடைக்காரர் தானே இறக்கிப் பயன்படுத்தினால் பிரச்னை இல்லை. நீங்கள் உங்கள் சர்வரில் வைத்து இணையம் வழியாகச் சேவையாகக் கொடுத்தாலும் இல்லை. சோர்ஸ் கோடை மூடி வைத்திருக்கும் உங்கள் சாஃப்ட்வேரோடு சேர்த்து, ஒரே இன்ஸ்டாலராக விநியோகிக்கும்போதுதான் கேள்வி எழும். அப்படிச் செய்பவர்கள் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது 2010 முதல் மைஎஸ்கியூஎல்லை வைத்திருக்கும் ஆரக்கிளின் நிலைப்பாடு. இணைப்புக்கான லைப்ரரியும் ஜிபிஎல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர் என்றால் என் ஓட்டு போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லுக்கு. காப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்காமல் வைத்தால் போதும். சேர்த்து விற்கலாம், கோடைத் திறக்க வேண்டாம், ஆள் கணக்கு இல்லை. ஆனால் ஐந்து வருஷமாக எக்ஸ்பிரஸில் ஓடும் சாஃப்ட்வேரை இதற்கு மாற்றுவது லேசான வேலை அல்ல. ஸ்டோர்டு புரொசீஜர் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அந்தச் செலவு யார் தலையில் என்பதைத்தான் முன்கூட்டியே பேச வேண்டும்.

கொட்டேஷனில் என்ன எழுதுவது?

டேட்டாபேஸுக்கு விலை சைபர் என்றாலும் தனி வரி போடுங்கள். எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, அதன் அளவு வரம்பு என்ன, லைசென்ஸ் யார் பெயரில், வரம்பு தாண்டினால் மாற்றும் செலவு யாருடையது என்று எழுதுங்கள். உங்கள் சொந்த சாஃப்ட்வேர் எத்தனை கம்ப்யூட்டருக்கு என்பதையும் அங்கேயே சேருங்கள். வாங்குபவராக இருந்தால் இதே கேள்விகளைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடையா? மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் டேட்டாபேஸ் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போனால் அளவு தெரியும். அதில் லாக் ஃபைலும் சேர்ந்திருக்கும், அது 10 ஜிபி கணக்கில் வராது. அதனால் ‘ஃபைல்ஸ்’ பக்கத்தில் டேட்டா ஃபைலின் எண்ணை மட்டும் பாருங்கள். அது எட்டைத் தாண்டியிருந்தால் இந்த வாரமே டெவலப்பருக்கு ஒரு போன் போடுங்கள்.